நூம்பலில் கர்ஜித்த சிடி பிளேயர்

நேற்று நூம்பலில், அண்ணன் வீட்டில்...

இருங்கள். முதலில் ஒரு சத்தியம். இனி நான் இந்த ஃபோனில் எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை! கொரட்டூர் ஏரியை நோக்கி வலக்கையை நீட்டிச் சொல்கிறேன். (இடக்கையில் டீ.)

அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அண்ணி தனியாக இருக்கிறார். துணைக்கு அண்ணன் வாங்கிய பழைய சிடி பிளேயர் ஒன்று. வட்டத் தட்டில் ஐந்து சிடிகளை வைத்துச் சுழற்றும் ரகம்.

அதன் எடையா? அதை இறக்குவதற்கு கிரேன் வந்தது, நசரத்பேட்டையில் ஹைவேயையே மூடினார்கள் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. (கிளப்பியவன் நான்.)

அதில் நான்கு சிடி பாட்டு. ஐந்தாவது, அண்ணன்.

மகள் கல்யாணத்தில் பந்திக்கு ஆள் கூப்பிட அண்ணன் மைக்கைப் பிடித்தார். மைக்செட்காரர் அதைப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். வேறு காப்பி கிடையாது. காப்பி எடுத்துத் தருகிறேன் என்று மருமகன் கேட்டும் அண்ணி கொடுக்கவில்லை. வெளியே போனால் திரும்பாது என்று பயம். தினமும் விளக்கேற்றிவிட்டு அதைப் போட்டுக் கேட்பார்.

நேற்று காலை போன் வந்தது.

"தம்பி, பொட்டி கத்துது. தட்டு தொறக்க மாட்டேங்குது. உள்ள அவரு மாட்டிகினாரு."

சிடி மாட்டிக்கொண்டது என்று அவர் சொல்லவில்லை.

ஸ்க்ரூடிரைவர்களையும் பாஸ்கரையும் அள்ளிக்கொண்டு கிளம்பினேன். பாஸ்கரும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஷெட்டில் ஃபிட்டர்கள். நாங்கள் சேர்ந்து திறந்த எந்த மிஷினும் இதுவரை மூடப்பட்டதில்லை.

சுவிட்சைப் போட்டேன்.

கர்ர்ர்ர்... டக்! கர்ர்ர்ர்... டக்!

வேலப்பன்சாவடியில் லாரிகள் ஓரம்கட்டி வழிவிட்டன. ஆவடியில் ஒரு பீரங்கி வண்டி வெட்கப்பட்டு இன்ஜினை அணைத்தது.

"மாமே, ஒரு உருண்டை கிரீஸ் அடி. செரியாப்பூடும்" என்றான் பாஸ்கர். எஸ்டேட் ஆளுக்குத் தலைவலி வந்தாலும் கிரீஸ்தான்.

"கைய எட்றா. இது லேத் இல்ல."

"இன்னா மாமே, பல்சக்கரம் கீதுல்ல? அது லேத்துல இருந்தா இன்னா, பாட்டுப் பொட்டில இருந்தா இன்னா?"

அண்ணி வாசல்படியில் நின்றபடியே கேட்டார். "கிரீஸு அவரு மேல பட்டா?"

பாஸ்கர் டப்பாவை மூடினான்.

எஸ்டேட் வைத்தியத்தைத் தொடங்கினேன். ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்டியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். பேரிங் போன மோட்டாரை இப்படித்தான் கண்டுபிடிப்போம். முதல் சிடி சுற்றும்போது சத்தமே இல்லை. அடுத்த சிடிக்கான பட்டனை அழுத்தினால் மட்டும் அந்தக் கர்ஜனை. ஆக, சிடியைச் சுற்றும் மோட்டாரில் கோளாறு இல்லை. ஐந்து சிடிகளையும் சுமந்து திரும்புகிற பெரிய தட்டின் அடியில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது.

"இழுத்து தொறந்துரலாமா?" என்றான் பாஸ்கர்.

"இழுத்தா சிடில கோடு உழும். அப்பறம் அண்ணன் பேசமாட்டாரு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். (சோழர் காலத்தில் முடுக்கிய ஸ்க்ரூக்கள்.) சிடிகளை ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து எடுத்து அண்ணியின் முந்தானையில் வைத்தேன். ஐந்தாவதை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார்.

தட்டைத் தூக்கினேன்.

பல்சக்கரத்தின் பற்களுக்கிடையே காய்ந்து இறுகிய சந்தனம். அதன் மேல் குங்குமம். நடுவில், பாதி நசுங்கிய ஒரு பொரி. பழைய பொரி என்றால் கறுத்திருக்கும். இது வெள்ளையாக இருந்தது, இந்த வருஷத்துப் பொரி.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்கு முன்பே இந்தப் பெட்டிக்குத்தான் பொட்டு வைப்பார். ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கூடாது. அண்ணி வாசலில் ஒரு கோலம் போட்டாலே பேசுகிற சொந்தக்காரர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமே அது?" பாஸ்கர் எட்டிப் பார்த்தான். அவன் மனைவிக்குப் பிறந்த வீடு நூம்பல்தான். அவன் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கையை மூடிக்கொண்டேன். நான் வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பழகியது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்!

"பல்லி முட்டை."

"இம்மாம் பெருசா?"

"ஆப்பிரிக்கா பல்லி மச்சான். பழைய சிடி வாசனைக்கு வரும்."

"மஞ்சளா இன்னாவோ ஒட்டிகினு கீதே?"

"கரு ஒடஞ்சிருக்கு."

"தூ! உன் வாய்ல நல்லதே வராதா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கை கழுவப் போனான். (முட்டையைத் தொட்டவன் நான்!)

பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். தட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெயாகச் சுழன்றது. அண்ணி ஐந்தாவதை அதன் இடத்தில் வைத்தார்.

பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினேன். தட்டு சத்தமில்லாமல் உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு,

"ஹலோ... ஹலோ... பந்தி ரெடி. மாப்ள ஊட்டுக்காரங்க மொதல்ல வாங்க... ஏ லோகு, எங்க கீற? நீ சாப்ட்டியா?"

பெண்டாட்டியை மைக்கில் கூப்பிட்டதற்கு மண்டபமே சிரிக்கிறது.

அண்ணி பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஆச்சு ஆச்சு. நீ போய் ஒக்காரு."

பாஸ்கர் திரும்பி வருவதற்குள் என் பக்கம் குனிந்தார். "எல்லாத்தையும் உட்டுட்டேன் தம்பி. இத்த மட்டும் வெறும்னே வெக்க மனசு வரல."

"எத்த அண்ணி? பல்லி முட்டையையா?"

சிரித்துவிட்டார். அண்ணன் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"இத்தயும் ஃபோன்ல எழுதுவியா?"

"வேணான்னா எழுதல அண்ணி."

"எழுதிக்கோ. நீ எழுதுனா எவன் நம்பப் போறான்?"

அனுமதி கிடைத்துவிட்டதால் எழுதிவிட்டேன். சொந்தக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். கிரேன் பொய், பீரங்கி வண்டி பொய், மற்றதும் அப்படியே. (பாஸ்கர், நீ படித்தால்: அது பல்லி முட்டைதான்.)

இதில் ஒரு பொரி அளவு மட்டும் நிஜம்.

அது இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.