லீவில் போன் வரக்கூடாது

என் தங்கை கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் என் போன் அடித்தது. ஹைதராபாத் அலுவலகத்திலிருந்து. சம்பளக் கணக்குப் போடும் பழைய புரோகிராம் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய என்னைத் தவிர ஆள் கிடையாது. சேலத்துக் கல்யாண மண்டபத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா முறைத்தார். எனக்கோ பெருமையாக இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியதும் ஆண்டு இலக்குகளைப் பார்க்கும் கூட்டம். எங்கள் மேனேஜர் செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. நான் எழுதிக்கொண்டு போன இலக்குகள் எல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைகள். எங்கள் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். தோற்க வழியே இல்லை. அவர் ஒவ்வொன்றாக அடித்துவிட்டார்.

"தெரிஞ்சதையே எழுதிட்டு வந்திருக்கே, கைக்குப்பா, எதுக்கு? நக்கோ, வேணாம். ஒண்ணே ஒண்ணு எழுது. நீ லீவுல போனா உனக்கு போன் வரக்கூடாது."

"என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறீங்களா மேடம்?"

"தூக்கறவங்க உன் தங்கச்சி கல்யாணத்துல எதுக்கு போன் போட்டுக் கெஞ்சறாங்க? நீ இதை விட்டு வெளிய வந்தாத்தானே வேற வேலை குடுக்க முடியும்."

நான் நம்பவில்லை. குகட்பள்ளி பஸ்ஸில் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வேண்டாவெறுப்பாக இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொங்கல் லீவில் போன் வரவேயில்லை. சிக்னல் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆனால் மேடம் சொன்னபடியே என்னைப் புது வேலையில் போட்டார். பல வருடங்களுக்குப் பிறகு, தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன், அதே இலக்கை அவர் தனக்கும் வைத்திருந்தார். கிளையன்ட்டோடு பேசுவது, ஆட்களைப் பிரித்துப் போடுவது என்று தன் வேலைகளை ஒவ்வொன்றாக என்னிடம் தள்ளினார். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, அவர் இல்லாமலும் எல்லாம் ஓடும் என்று மேலே இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அவரை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவருக்கு இது முன்பே தெரியுமா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. போன மாதம் திருமுல்கேரியில் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா மேடம்?"

டீயை நீட்டிக்கொண்டே சிரித்தார். "நான் என்ன சாமியாராப்பா? எனக்கும் மேல ஒரு வேலை குடுப்பாங்கன்னு நெனச்சேன். குடுக்கல."

"அப்போ எனக்கு எழுதினதும் தப்பா?"

"உன் இலக்கை அடிச்சுட்டு வேற எழுதச் சொல்றதுக்கு முன்னாடியே உன் அடுத்த வேலைய மேல கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். எனக்குன்னு அப்படிக் கேக்கத் தோணல."

இந்த வருடம் மற்றவர்களின் இலக்குகளைப் பார்ப்பது என் முறை. வங்கிக்குப் பணம் அனுப்பும் பகுதி முழுவதும் என் குழுவில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும். அவளும் தெரிந்ததையே எழுதிக்கொண்டு வந்தாள். அதை அடிப்பதற்கு முன்னால் மேலதிகாரியிடம் போனேன். அவளுக்கு அடுத்து என்ன வேலை என்று கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றார்.

"பார்க்கலாம்னு ஒரு வேலை இருக்கா சார்?"

அவள் எழுதியதை நான் அடிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இலக்குகளை இன்னும் முடிக்கவில்லை என்று தினமும் நினைவூட்டல் வருகிறது. வரட்டும்.