ரிவர்ஸ்டனில் இரண்டடி தூரத்துக் கதிர்க்குருவி

போன சனிக்கிழமை ரிவர்ஸ்டன் காட்டுக்குத் தனியாகப் போனேன், ஒரு கதிர்க்குருவிக்காக. இலங்கையில் மட்டுமே, அதுவும் உயரமான மலைக்காட்டுப் புதருக்குள் எலி மாதிரி ஓடித் திரிகிற பழுப்புக் குருவி. என் கூட்டாளி ரிஸ்வியும் நானும் நான்கு தடவை தேடிப் போய், நான்கு தடவையும் அட்டைகளுக்கு இரத்ததானம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். போன வருடம் அவன் மகனோடு இருக்க மெல்பேர்ன் போய்விட்டான். முதலில் தினமும் பேசினோம். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும். இப்போது நான் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. இந்தக் குருவியைப் பார்த்துவிட்டேன் என்றால் பொறாமையிலாவது மனுசன் போன் எடுப்பான் என்பதுதான் திட்டம்.

மாத்தளையில் காலை 5.40 பஸ். இரத்தோட்டைக்குப் பதின்மூன்று கிலோமீற்றர், எண்பது ரூபாய். அங்கிருந்து மேலே பதினெட்டு கிலோமீற்றருக்கு த்ரீவீலர்; காத்து நிற்பதற்கும் சேர்த்து ஐயாயிரம். ஓட்டியவர் மகேந்திரன், தேயிலைத் தோட்டத்து ஆள். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'நானா' என்று கூப்பிட்டார்; வாய் ஓயவில்லை.

"தனியாவா வந்தீங்க நானா? வீட்டில சண்டையா?"

"குருவி பார்க்க."

"எங்க லயத்து வீட்டுக் கூரையில நூறு குருவி இருக்கு. சும்மாவே காட்டியிருப்பேனே."

7.50க்கு மூடுபனிக்குள் ஒரு மூங்கில் புதரோரம் நின்றேன். வழக்கமாக இந்த நேரத்தில் ரிஸ்வி என் தொப்பையைப் பற்றி ஏதாவது சொல்வான். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

8.55க்குப் புதருக்குள் 'க்வீக்' என்றது. சற்றுத் தள்ளி இன்னொரு 'க்வீக்'. இவை சோடியாகத்தான் திரியும். ஒன்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் மற்றது கூப்பிடும். பைனாகுலரைத் தூக்கினேன். வெறும் பழுப்பு மங்கல். திருகினேன். இன்னும் மங்கல்.

த்ரீவீலரை விட்டுவிட்டு எப்போது வந்தாரோ, பின்னாலிருந்து மகேந்திரன் கிசுகிசுத்தார்: "நானா, கண்ணாடிய இறக்குங்க. உங்க சப்பாத்துக்கிட்ட நிக்குது. கண்ணு செவப்பா இருக்கு."

பத்தடிக்குள் வந்த எதுவும் என் பைனாகுலரில் தெளியாது. இருபது வருட அனுபவசாலியான நான், அதைக் கீழே இறக்காமல் ஓர் எட்டுப் பின்வாங்கினேன். சுள்ளி முறிந்தது. குருவி போய்விட்டது.

"விடுங்க நானா, அது உங்கள நல்லாப் பார்த்துச்சு."

இறங்கும் வழியில் சிக்னல் கிடைத்தது. 'பார்த்தேன்' என்று ரிஸ்விக்குத் தட்டினேன். அழித்தேன். நான் பார்த்துவிட்டால் அவனுக்கு இங்கே வர என்ன மிச்சம்? 'பார்க்கவில்லை. நீ வந்தால் பார்க்கலாம்' என்று அனுப்பினேன். இரத்தோட்டையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது: கட்டைவிரல்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்கு முன் மேலே இருங்கள். காலுறைக்குச் சவர்க்காரம் பூசுங்கள், அட்டை ஏறாது. பைனாகுலர் எதுவானாலும் பரவாயில்லை. பின்னால் நின்று "இறக்குடா மடையா" என்று சொல்ல ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.