மேல்கோட்டுக்கு நான் போட்ட நிபந்தனை

சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் தினக்கூலிக்குக் கம்ப்யூட்டர் அடிக்கச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்த கையோடு, மூன்று மாதத்தில் அந்த ஆபீசையே திருத்திவிடலாம் என்ற நினைப்பும் இருந்தது.

துப்புரவுப் பணியாளர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மேல்கோட்டு வாங்குவார்கள். பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் காக்கிக் கோட்டு. கொட்டேஷன் வாங்கி, யார் விலை குறைவோ அவருக்கு ஆர்டர். முந்தின வருஷத்துக் கோட்டு இரண்டே சலவையில் தையல் விட்டுவிட்டது. பணியாளர் அக்கா ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

“குனிஞ்சா முதுகு பிரியுது, நிமுந்தா கக்கம் பிரியுது. இதைப் போட்டுக்கிட்டு நான் தெருவைக் கூட்டவா, இல்ல என்னையப் பாக்க வாரவுகளக் கூட்டவா?”

ஆபீசே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டுகளைத் தைத்தது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று சுவரெல்லாம் எழுதிவைத்த அரசாங்கம், தான் வாங்கும் சட்டையை யார் தைத்தது என்று மட்டும் ஏன் கேட்பதில்லை?

எங்களுக்கு அடுத்த தெருவில் எட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தையற்கடை போட்டிருந்தார்கள். எல்லோருமே பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வந்தவர்கள். மருந்து வாடையே வேண்டாம் என்று இறங்கியவர்கள். கையில் வேறு வேலை இல்லை. இந்தக் கோட்டு ஆர்டர் வராவிட்டால் மறுபடி வேன்தான்.

அவர்களுக்கு வழி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கொட்டேஷன் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘குழந்தைகளை வேலைக்கு வைக்கவில்லை என்ற சான்றிதழை இணைக்க வேண்டும்.’ செயல் அலுவலர் படித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு பாப்பா” என்று கையெழுத்துப் போட்டார்.

நான்கு உறைகள் வந்தன. மூன்றில் சான்றிதழ் இருந்தது. எப்படிப்பட்ட சான்றிதழ்! வழவழ தாளில், நாலு கலரில், தங்க எழுத்தில். மூன்றுக்கும் ஒரே திராட்சைக்கொடி பார்டர். அதே கொடி எங்கள் வீட்டுக் காலண்டரிலும் ஓடியது. கீழே சான்று அளித்தவர் என்ற இடத்தில் அந்தந்தக் கம்பெனி முதலாளியே கையெழுத்துப் போட்டிருந்தார். எதையும் அச்சடித்துத் தரும் சிவகாசி இத்தனை கிட்டத்தில் இருக்கும்போது ஒரு காகிதத்தை நம்பி நிபந்தனை போட்டவள் நான். சான்றிதழை யார் தரவேண்டும் என்றுகூட எழுதவில்லை.

நான்காவது உறை குழுவினுடையது. அதில் சான்றிதழ் இல்லை. கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று இருந்தது. ‘எங்கள் பிள்ளைகள் பதினொரு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வந்து பாருங்கள்.’

செயல் அலுவலர் அதை மட்டும் தனியே எடுத்துவைத்தார். “இது தள்ளுபடி. நீ போட்ட நிபந்தனைதான பாப்பா, நானா போட்டேன்?”

சாயங்காலம் குழுத்தலைவி அக்காவைப் போய்ப் பார்த்தேன். அவர் மிஷினை நிறுத்தவே இல்லை.

“ஏத்தா, நீ கேட்ட சீட்டுக்கு ரெண்டு நாளு வேலையை விட்டுட்டு ஆபீஸ் ஆபீசா நடந்தோம். அப்பிடி ஒரு சீட்டே கிடையாதுன்னுட்டாக. பிரஸ்ஸுக்குப் போயிருந்தா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடிச்சுக் குடுத்துருப்பாக. எங்களுக்கு அம்புட்டு புத்தி இல்ல.”

உண்மை பேசியவர்களை மட்டும் சரியாகச் சலித்து வெளியே தள்ளியிருந்தது என் நிபந்தனை.

மறுநாள் செயல் அலுவலரிடம் மறுபடி கொட்டேஷன் கேட்கலாமா என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கேக்கலாம். ஆனா தப்பு எங்கனன்னு ஃபைல்ல எழுதணும். யார் எழுதுறது?”

நான்தான் எழுதினேன். தினக்கூலிக்காரி தன் தப்பைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தால் மறுநாள் வரவேண்டாம் என்று சொல்ல அதுவே போதும். அது தெரிந்துதான் எழுதினேன். புது நிபந்தனைகள் இரண்டு. தைக்கும் இடத்தை, சொல்லாமல் ஒரு வேலைநாளில் வந்து பார்ப்போம். மாதிரிக் கோட்டை ஒரு பணியாளர் ஒரு வாரம் போட்டு வேலை பார்த்தபின்பே ஆர்டர். அவர் அதற்கும் கையெழுத்துப் போட்டார். என்னையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்தமுறை உறைகள் இரண்டுதான் வந்தன. ஒரு கம்பெனியின் முகவரிக்குப் போனோம்; அங்கே பரோட்டாக் கடை இருந்தது. மிச்சம் குழுதான். அவர்கள் இடத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை, மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவர்களுடைய மாதிரிக் கோட்டும் முதல் வாரத்திலேயே தோற்றது. “குப்பை வண்டியத் தள்ளுறப்போ கை மேல ஏறலையே, தாயி. இது யாரு, நின்னுக்கிட்டே வேலை பாக்குற ஆளுக்குத் தச்சதா?” என்றார் அதே பணியாளர் அக்கா. அவரை வண்டி தள்ளுவதுபோல நிற்கவைத்து அளவெடுத்தார்கள். கக்கத்தில் துண்டுத்துணி வைத்து மறுபடி தைத்தார்கள். அது தாங்கியது.

இதற்குள் இரண்டு மாதம் ஓடி, தீபாவளிச் சீசன் தொடங்கிவிட்டது. ஆர்டரைக் கொடுக்கப் போனபோது ஆறு மிஷின்கள்தான் ஓடின. இரண்டின் மேல் பழைய சேலை போர்த்தியிருந்தது. “எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாளுக?” என்றார் தலைவி. குரலில் கோபம் இல்லை. அந்த இரண்டு மிஷின்களும் என்னுடைய ஒரு வரியால் நின்றவை என்று எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில் எழுதிய வரி என்பது அவற்றை ஓட்டிவிடாது.

புதுக் கோட்டு கொடுத்த வாரம், காலையில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பணியாளர்கள் வரிசையாகத் தெரு கூட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வேன் வரவே ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். வேனின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. வேனுக்குத் திரும்பிப் போன இருவரில் ஒருத்தி; போகுமுன் மாதிரிக் கோட்டுக்குக் காலர் வெட்டிக்கொடுத்தவள்.

“ஏ, அந்தக் காலரு நான் வெட்டுனதுடீ!” என்று கத்தினாள். “அழுக்காக்காமப் போடுங்க!”

அந்த மாதிரிக் கோட்டையே போட்டிருந்த பணியாளர் அக்கா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கையசைத்தார். வேன் சிவகாசிச் சாலையில் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.