என் முடிக்கு மச்சாள் வைத்த நேர்த்தி

மச்சாள் என் தலைமுடியை அம்மனுக்கு நேர்ந்துவிட்ட செய்தி, நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோதுதான் என் காதுக்கு வந்தது. சல்லி என்ற ஊரிலுள்ள கோயிலுக்குப் போய்வந்த களைப்பில் மச்சாள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி கேட்டார். அதில் பாதியைக் குடித்த பிறகு, சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னார்: "பிள்ளை, முத்துமாரியம்மனிட்ட ஒரு நேர்த்தி வச்சிட்டு வந்தனான். உனக்கு ஒண்டும் இல்ல எண்டு வந்தா, நீ மொட்டை அடிக்கவேணும்." என் தலை, என் முடி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த தேங்காய்ப் பாதியை எங்கே எறிவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. கந்தளாயில் இருந்தார். என் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பது குளிக்கும்போது கையில் பட்டது. ஆஸ்பத்திரியில் அமத்திப் பார்த்தார்கள், ஸ்கான் செய்தார்கள், பயொப்சி செய்ய வேண்டும் என்று அடுத்த கிழமைக்கு நாள் தந்தார்கள். ஊசி ஏற்றிக் கொஞ்சம் தசை எடுத்துப் பார்ப்பது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரும் தலையாட்டிவிட்டு அன்று பின்னேரமே அக்காவுக்கு போன் எடுத்துச் சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அக்காவிடம் சொல்வது ஒருவருக்குச் சொல்வதில் சேராது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் மச்சாள் வந்து இறங்கிவிட்டார், உடுப்புப் பையோடும், தன்னுடைய இடியப்ப உரலோடும், பதினைந்து நாளுக்கொரு தடவை தவறாமல் தலைக்குப் பூசும் மைப் பெட்டியோடும்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள அலுவலகம் ஒன்றில் நான் லிகிதர். வந்து போகும் கப்பல்களின் காகிதங்கள் என் மேசையில்தான் கிடக்கும். அந்தக் கிழமை ஒரு கப்பலின் பெயரை இன்னொரு கப்பலின் கோப்பில் எழுதி ஏச்சு வாங்கினேன். கை தானாகப் போய்க் கட்டியைத் தொட்டுப் பார்க்கும், கொஞ்சம் பெரிதாகிவிட்டதோ என்று தோன்றும், பிறகு சின்னதாகிவிட்டதோ என்று தோன்றும். போனில் தேடித் தேடி வாசித்தேன். எல்லாக் கட்டுரையும் பயமுறுத்தி முடித்துவிட்டு, மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் என்று என்னைத் திருப்பி அனுப்பியது. விசயம் தெரிந்த தாதி ஒருவர் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னார். நானும் இழுத்து இழுத்து விட்டேன். தலைச்சுற்றுத்தான் வந்தது.

இதற்கு நடுவில்தான் இந்த நேர்த்தி. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குத்தான் மொட்டை அடிப்பது வழக்கம். பெண்கள் பாற்குடம் எடுப்போம், பொங்குவோம். இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போய், அங்கே பெண்களும் மொட்டை அடிப்பதைக் கண்டுவந்த மச்சாளுக்கு அதெல்லாம் போதவில்லை. நான் அவருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். கான்சர் என்று வந்தால் மருந்து ஏற்றுவார்கள், முடி கொட்டிவிடும். கான்சர் இல்லையென்றால் உங்கள் நேர்த்தியால் முடி போய்விடும். எந்தப் பக்கத்தால் போனாலும் எனக்கு மொட்டைதானா? மச்சாள் நாடியைக் கையில் தாங்கி யோசித்தார். "ஓம், அதை நான் யோசிக்கேல்ல" என்றார். அப்படியென்றால் மாற்றுங்கள் என்றேன். "சொன்னதை மாத்த ஏலாது பிள்ளை. அம்மனென்ன, மீன் வியாபாரியே?" என்று கேட்டுவிட்டு இடியப்பம் பிழியப் போய்விட்டார்.

அந்தக் கோபம் என் பயத்தைப் போக்கியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அது பொய். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்குப் பக்கத்தில் கோபமும் வந்து குந்திக்கொண்டது. நல்ல முடிவு வரவேண்டும் என்று மனதுக்குள் கும்பிடக்கூட முடியவில்லை. கும்பிடத் தொடங்கினால் மொட்டைத்தலையோடு அலுவலகப் படியேறும் என் உருவம் முன்னால் வந்து நின்றது.

பயொப்சி நாளன்று வரவேண்டாம் என்று சொல்லியும் மச்சாள் வந்தார். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களிடமெல்லாம் கதை கொடுத்தார். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் என் கட்டி எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்பதுவரை சொல்லி முடித்துவிட்டார். உள்ளே என்னைப் படுக்கவைத்து விறைப்பூசி போட்டார்கள். தசை எடுக்கும் ஊசி, காகிதம் குத்தும் ஸ்டேப்ளர்போலச் சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. கதவுக்கு வெளியே, ஏன் தன்னை உள்ளே விட ஏலாது என்று மச்சாள் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வலியால் பாதி, அவரால் பாதி.

முடிவு வந்தபோது கான்சர் இல்லை என்று இருந்தது. சாதாரணக் கட்டிதான், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டொக்டர். மச்சாள் இப்போது மகனோடு அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். வருடாவருடம் நான் காட்டப் போகும் நாளில் போன் எடுத்து, "நேர்த்தி ஏதும் வைக்கட்டோ?" என்று கேட்பார். நான் போனை வைத்துவிடுவேன். ஆனால் அன்று டொக்டர் சொன்னபோது எனக்குச் சந்தோசமே வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வேறு யாருடையதையோ மாறித் தந்துவிட்டார்கள் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டியைத் தொட்டுப் பார்ப்பதையும் நான் விடவில்லை.

மச்சாளோ சல்லிக்குப் போக நாள் பார்த்துவிட்டார். நான் வைக்காத நேர்த்திக்கு நான் மொட்டை அடிக்க மாட்டேன், வேண்டுமென்றால் பாற்குடம் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மச்சாள் மறுத்து ஒன்றும் கதைக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கோயிலில் பூசை முடிந்து திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், வேப்பமரத்துக்குக் கீழே, ஊரில் முடி வெட்டுகிற ஒருவரை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் மச்சாள் குந்தியிருந்தார். பாதித் தலை முடிந்துவிட்டது. மை பூசிய கறுத்த முடி மணலில் கிடந்தது. இது என்ன வேலை மச்சாள் என்று கத்தினேன். "அம்மனுக்கு ஒரு தலை தாறன் எண்டு சொன்னனான். நீ தரமாட்டாய். அப்ப என்ர தலைதானே கிடக்கு" என்றார், தலையை அசைக்காமல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல சனம். ஒரு இளம்பெண் மச்சாளின் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். பிறகு குனிந்து, மெதுவாக, "மருந்து ஏத்துறீங்களோ அம்மா?" என்று கேட்டாள். மச்சாளுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. "எனக்கு ஒண்டும் இல்ல மகள்" என்றவர், என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவவுக்குத்தான் மாரில கட்டி. ஊசி போட்டுப் பாத்தவங்கள். ஒண்டும் இல்லையாம்! ஒண்டுமே இல்லையாம்!" டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். பெற்ற மகளுக்கே சொல்லாமல் நான் பொத்தி வைத்திருந்ததை ஒரு பஸ் முழுக்கக் கேட்டது. வாயை மூடுங்கள் மச்சாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. டொக்டர் சொல்லியும் காகிதத்தில் வாசித்தும் நம்பாததை அந்த நேரம் நம்பிவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, விம்மி விம்மி அழுதேன்.

மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப நீ என்னத்துக்கு அழுறாய்? முடி போனது எனக்கெல்லோ."