ஒத்திகை பார்க்காத கட்டளை

இராசிபுரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பதினோரு வருஷத்துக் கல்யாணங்கள் அத்தனையும் அதற்குள்தான் கிடந்தன. அதன் பெயர் பைல் சர்வர். படங்களை அதிலிருந்து எடுத்து, வேலை முடித்து, அதிலேயே திருப்பி வைப்போம். அதைக் கட்டி மேய்த்தவள் அறிவுச்செல்வி. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சாம்பா என்கிற அந்த மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டு, மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளை அடித்தே நடத்துவாள். யார் எந்த போல்டரைத் திறக்கலாம், யார் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான். ஆல்பம் வடிவமைக்கிற என்னையே ஒருமுறை கோபத்தில் மூன்று நாள் உள்ளே விடவில்லை. திமிர் பிடித்தவள் என்று திட்டியிருக்கிறேன். அது வேலை தெரிந்த திமிர்.

அழிக்கக்கூடிய கட்டளை எதுவானாலும் முதலில் ஒத்திகை பார்ப்பாள். ஒத்திகையில் கட்டளை எதையும் தொடாது; என்னென்ன செய்யப்போகிறது என்று மட்டும் வரிசையாகச் சொல்லும். அதை வாசித்த பிறகுதான் நிஜமாக ஓடவிடுவாள்.

பெட்டியில் இரண்டு டிஸ்க்; ஒன்றில் இருப்பதற்கு மற்றது நகல். போன புரட்டாசியில், நகல் வைத்திருந்த டிஸ்க் செத்துப்போனது. புது டிஸ்க் அன்றே வந்துவிட்டது. முதலாளி சண்முகவேல் அதைத் தொட விடவில்லை.

"புதுச் சாமான் அம்மிணி. விஜயதசமி அன்னைக்கு ஆரம்பிச்சுக்கலாம்."

ஒரு வாரம் எல்லாக் கல்யாணங்களும் ஒரே டிஸ்க்கில் கிடந்தன. ஆயுதபூஜைக்குப் பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதோடு சேர்த்து ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். பழசு, புதுசு என்று அவள் பேனாவால் எழுதியிருந்தது துடைத்ததில் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் விஜயதசமியன்று செருகியபோது இரண்டும் இடம் மாறி, காலியான புதுசு முதல் டிஸ்க்காகிவிட்டது. முதல் டிஸ்க்கில் இருப்பது போலவே இரண்டாவதை ஆக்கு, அங்கே கூடுதலாக எது இருந்தாலும் அழித்துவிடு என்பதுதான் கட்டளை. ஒத்திகைக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அப்போது மணி பதினொன்று நாற்பது.

"பதினொன்னே முக்காலோட நல்ல நேரம் முடியுது அம்மிணி. தட்டி உடு" என்றார் சண்முகவேல்.

கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "சீக்கிரம்க்கா, கை சுடுது" என்றேன். அவள் ஒத்திகை பார்க்காமலே தட்டினாள்.

திரையில் பெயர்கள் ஓடின. நகல் ஏறுகிறது என்று நினைத்து நாங்கள் பொரி தின்றோம். அவள் திரும்பிப் பார்த்தபோது, நிறைந்திருந்த டிஸ்க் காலி டிஸ்க்கைப் போலவே காலியாகியிருந்தது.

அழிந்ததை மீட்க டிஸ்க்கைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனதில் பாதி முகங்களும் ஓடாத வீடியோக்களும் திரும்பி வந்தன. "மின்னல் உழுந்துருச்சுன்னு சொல்லிப்போடலாம்" என்றார் முதலாளி. வந்தவர்களுக்கெல்லாம் மின்னலைச் சொன்னோம். நல்ல நேரம் பார்த்தவர் அவர், அவசரப்படுத்தியவன் நான். ஆனாலும் பழி அவள் தலையில் விழாமல் அவர் காப்பாற்றியதாகவே பேச்சு. எனக்கு இப்போதும் எரிகிறது.

ஐப்பசியில் ஆட்டையாம்பட்டியிலிருந்து முத்தாயம்மாள் வந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை பார்த்த அவர் மகன் இனியன் வெளிமாநிலத்தில் விபத்தில் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஆவணியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாண வீடியோவைப் போட்டு நாங்கள் கொடுத்த பென்டிரைவும் லாரியோடு எரிந்துவிட்டது.

"சொந்தக்காரங்க போன்ல பூரா மேளச் சத்தந்தானுங்க. மைக்கைப் புடிச்சு எனக்குன்னு நாலு வார்த்தை சொன்னானே, அது மட்டும் போதும் சாமி. அவங் கொரலு எனக்கு மறந்துபோயிருமாட்ட இருக்குது."

அறிவுச்செல்வி மின்னலைச் சொன்னாள். அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மின்னலுக்கு நீ என்ன சாமி பண்ணுவ? அழுவாத."

அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முதலாளி முன்னாலேயே சொன்னாள்.

"மின்னல் இல்லீங்கம்மா. நாந்தானுங்க அழிச்சேன்."

சண்முகவேல் எழுந்து வெளியே போனார். முத்தாயம்மாள் கையை எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"என்னென்ன அழிஞ்சுதுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. அழிக்கறப்ப ஒவ்வொரு பேரையும் கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்குது."

"என்ற பையனுதைப் படி. எனக்குப் படிக்கத் தெரியாது."

படித்தாள். இனியன் மாலை மாற்றியது. இனியன் தாலி கட்டியது. இனியன் சிரித்தது, ஒன்று முதல் ஆறு வரை. முந்நூறுக்கு மேல் வரிகள். கடைசியில் 'இனியன் அம்மாவுக்குச் சொன்னது' என்று வந்தபோது அவள் படிப்பதை நிறுத்தினாள்.

"அதுதான்" என்றார் முத்தாயம்மாள். "இன்னொருக்காப் படி."

அமாவாசைதோறும் மகனுக்குப் படைத்துவிட்டு இப்போதும் வருகிறார். அவள் படிக்கிறாள், அவர் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறார். அந்தப் பட்டியலை மட்டும் அறிவுச்செல்வி மூன்று டிஸ்க்குகளில் நகல் எடுத்து வைத்திருக்கிறாள்.