எங்கட நாடு, உங்கட நாடு

அக்கா அந்தச் சித்திரைக்கு வருவதாக டிக்கெட் போட்டிருந்தாள். லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை; லீவு எடுப்பதே பெரும்பாடு. "வாற வருசம், வாற வருசம்" என்று தள்ளித் தள்ளி, ஒருவழியாகப் போட்ட டிக்கெட். அன்றிலிருந்தே அப்பா துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் தேடத் தொடங்கிவிட்டார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவரும் நானும்தான். மூத்த மகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. பிறகு தொற்றுநோய் என்று விமான நிலையத்தைப் பூட்டினார்கள். அடுத்ததாக ஊரடங்கு போட்டு ஊரையும் பூட்டினார்கள்.

கேர்பியூ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரருக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். அறிவித்த அன்றே அப்பா கடைக்கு ஓடிப்போய் மண்ணெண்ணெய், மெழுகுதிரி, டோர்ச் பற்றரி எல்லாம் வாங்கிவந்து குசினியில் அடுக்கினார். கடையில் அவருக்கு முன்னால் நின்றவர்களும் அதையேதான் வாங்கினார்களாம். யுத்தகாலத்தில் கேர்பியூ என்றால் கரண்டும் போகும்; அது முடிந்து எவ்வளவு காலம்! நோய்க்கு எதற்கு மெழுகுதிரி என்று ஒருவராவது யோசிக்க வேண்டுமே. கரண்ட் ஒருநாளும் நிற்கவில்லை. இதை நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு அக்காவுக்குச் சொன்னால், அவள் போனைத் தன் அலுமாரிப் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே பெட்டி பெட்டியாக மெழுகுதிரி.

"இஞ்ச வெள்ளையள் டொய்லட் பேப்பருக்கு அடிபடுதுகள். நான் போய் இதை வாங்கிக்கொண்டு வந்தனான்," என்றாள்.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. நோய்க்காலத்துக்கு ஏங்குகிறாளே, இவளுக்கென்ன விசரா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கந்தோருக்கு வேலைக்குப் போகத் தேவையில்லை. பஸ் நிலையத்துப் பக்கம், ஊருக்குள் திரியும் மான்கள் நடுறோட்டில் படுத்து அசைபோட்டனவாம். கேர்பியூவில் நடமாடப் பாஸ் எடுத்த கிண்ணியா மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்று கூப்பிடுவார்; முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்ணைப் பார்த்தே இன்றைக்கு விலை கூடவா குறையவா என்று கண்டுபிடித்துவிடலாம். பின்னேரம் அப்பாவும் நானும் முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்போம். கீழே துறைமுகம் சத்தமில்லாமல் கிடக்கும். அங்கே இழுவைப் படகு ஓட்டிய மனிதர் அவர். எந்தக் கப்பல் எப்படி முரண்டு பிடித்தது, எந்தக் கப்டன் எப்படித் திட்டினான் என்றெல்லாம் சொல்லுவார். வேலைக்குப் போன காலத்தில் என்னோடு இவ்வளவு கதைத்ததே இல்லை.

பிறகு அக்காவின் வீடியோ கோல் வரும். அப்பா ஒவ்வொரு நாட்டிலும் நோய் கண்டவர்களின் கணக்கைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் செய்தியில் கேட்டு வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பார். நோய் வரும்வரை அவர் வாயில் "இந்த நாடு" என்றுதான் வரும். இந்த நாடு உருப்படாது என்று சொல்லாமல் அவர் பேப்பரை மடித்து வைத்த நாள் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு பின்னேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்கட நாட்டில கட்டுப்பாடு இருக்குப் பிள்ளை. உங்கட நாட்டில சனம் சொல்வழி கேக்காது."

எங்கட நாடு! எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.

அக்கா திருப்பிச் சண்டைக்கு வரவில்லை. அவளுடைய இல்லத்தில் அந்தக் கிழமையும் சில கட்டில்கள் வெறுமையாகியிருந்தன. கவச உடுப்பு இல்லாமல் குப்பைப் பையை வெட்டிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம் என்றாள். அப்பாவின் வீரமெல்லாம் அப்படியே வடிந்துபோனது.

"வேலையை விட்டிட்டு வா பிள்ளை. பிளேன் விட்ட உடன வா. இஞ்ச ஒண்டும் இல்லை," என்று கெஞ்சினார்.

போனை வைத்தபிறகு என்னிடம், "அவளுக்கு ஒண்டும் வராதுதானே?" என்றார். எனக்கு என்ன தெரியும்? வராது என்றேன்.

அடுத்த வருடம் எல்லாம் தலைகீழ். அங்கே ஊசி வந்து அக்காவுக்கு இரண்டும் போட்டாயிற்று. இங்கே ஆஸ்பத்திரிகளில் கட்டில் கிடைக்காமல் சனம் அலைந்தது. அப்பாவுக்கு ஒரு ஊசிதான் போட்டிருந்தது.

"இஞ்ச உங்கட நாட்டை நோய் கூடின நாடெண்டு சிவப்புப் பட்டியலில போட்டிட்டாங்கள் அப்பா," என்றாள் அக்கா. "அங்க வந்தால், இஞ்ச திரும்பி வரேக்க ஹோட்டலில பூட்டி வைப்பாங்களாம். பூட்டினால் பூட்டட்டும். நான் லீவு கேட்டிட்டன்."

அப்பா சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

ஆவணியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அம்புலன்ஸில் தானாகவே ஏறினார். உள்ளே இருந்து எனக்குக் கை காட்டினார். சில நாட்களில், ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் இருந்து கோல் வந்தது. அப்பா போய்விட்டார். பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள், வீட்டுக்கும் கொண்டுவர ஏலாது, உடனேயே எரித்துவிடுவார்கள் என்றார்கள்.

எங்கள் ஆட்கள் தூரத்தில் இருப்பவருக்குச் சாவைச் சாவென்று சொல்வதில்லை. "கொஞ்சம் சுகமில்லை, வெளிக்கிட்டு வாங்கோ" என்பார்கள். கேட்கிறவருக்கு உடனே விளங்கும். ஆனாலும் விளங்காதவர் மாதிரி உடுப்பை அடுக்கி, பஸ் ஏறி, ஊர் வந்து சேரும்வரை நம்பிக்கையை விடாமல் இருப்பார். எனக்கு இந்தப் பூசி மெழுகுகிற வேலை என்றைக்குமே பிடிக்காது. அம்மா போனபோது கொழும்பில் நின்ற எனக்கு அப்பா இப்படித்தான் சொன்னார். வந்து அவரோடு சண்டை பிடித்தேன். இப்போதோ, அக்கா பிளேன் பிடித்து வருவதற்குள் சாம்பல்கூடச் சூடாறிவிடும். வர முடியாதவளுக்கு எதற்கு அந்தப் பொய் என்று நினைத்தேன்.

"அக்கா, அப்பா செத்திட்டார்," என்றேன்.



"அப்பிடிச் சொல்லாதை," என்றாள் அக்கா. "ஊருக்கு வாறவைக்குச் சொல்லுற மாதிரி எனக்கும் சொல்லு."

 கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அக்கா, அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. வெளிக்கிட்டு வாங்கோ."

"ஓம்," என்றாள். "வாறன் எண்டு அப்பாட்டச் சொல்லு."