ஒதியங்கட்டை

எங்கள் நைனா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த விறகுத்தொட்டியில் கட்டை பிளந்தவர். இந்தப் பக்கம் கம்பெனிகள் வருவதற்கு ரொம்ப முன்னால், அறுபதுகளில். கட்டையைக் கண்ணால் பார்த்து எடுக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பட்டை உரிந்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம்தான், தட்டிப் பார் என்பார். நன்றாகக் காய்ந்த புளியும் வேலமும் தட்டினால் கணீரென்று சொல்லும். ஒதியன் பொத்தென்று இருக்கும். அடுப்பில் வைத்தால் நாள் முழுக்கப் புகையுமே தவிர எரியாது. அம்மா அவரிடம் குறை சொல்லிச் சொல்லியே இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். சோறு வேகாத அன்றைக்கெல்லாம் வீட்டில் மரத்தைப் பற்றித்தான் பேச்சு.

எனக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. கல்யாணச் சமையலுக்கென்று நைனா எங்கள் கொல்லையில் பட்டுப்போன புளியமரத்தை வெட்டி, பிளந்து, மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கினார். அதிலிருந்து ஒரு சிராய்கூட எடுக்க அம்மாவை விடவில்லை. எனக்கு அந்தப் பரணைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். நகை வைத்திருக்கிற பெண்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், நான் அண்ணாந்து பார்ப்பேன்.

கார்த்திகையில் புயல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தொட்டியில் கோடாலியைச் சாய்த்துவைத்துவிட்டு நைனா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். கட்டை வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

சாவு விழுந்தால் வீட்டுக்கொரு கட்டை கொண்டுவந்து போடுவது எங்கள் தெரு வழக்கம். அன்றும் போட்டார்கள். எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எங்கள் சுடுகாட்டுக்குக் கூரை கிடையாது. முந்தின வருஷ மழையில் தெருக்கோடி வீட்டுக்காரரை எரிக்கப் போய், பாதியில் தீ அணைந்து, மறுநாள் அவர் மகன்கள் திரும்பப் போய் எரிக்க வேண்டியிருந்தது. அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மாள் அதற்கப்புறம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே எது எரிகிறது, எது எரியவில்லை என்று அம்மாவால் பார்க்க முடியாது. உடல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். தாலி இன்னும் கழுத்தில் இருந்தது. மழையில் இறங்கி, வண்டியில் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். சவுக்குக் கட்டையை எடுத்துவைத்துக்கொண்டாள், அது ஈரத்திலும் ஒருமாதிரி பிடித்துக்கொள்ளும். ஒதியங்கட்டை ஒன்றைத் தூக்கிச் சேற்றில் போட்டாள். அதைக் கொண்டுவந்தவள் அதே தெருக்கோடி வீட்டு அம்மாள். அவர்கள் வேலியில் இருந்ததே ஒதியன்தான். அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

தேறியது போதவில்லை. அம்மா கொட்டகைப் பரணைக் காட்டி, "அதை எறக்குங்க" என்றாள்.

நைனாவின் அக்கா பதறிப்போனாள். "இன்னாடி பண்ற? கல்யாணத்துக்கு வச்ச கட்டைடி. அதுல ஒண்ணு சுடுகாட்டுக்குப் போனா மிச்சம் எதுவும் கல்யாண அடுப்புக்கு ஆவாது."

"ஆவாட்டி போவுது அண்ணி. அவுரு அரைகொறையா வெந்து கெடந்தா, நான் எந்த அடுப்புல சோறாக்குறது?"

நானே பரணில் ஏறிக் கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் நைனா பிளந்தது. என் கல்யாணம் வண்டியில் ஏறிப் போகிறது என்று நினைத்தேன். ஆனாலும் ஒன்றைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. சாயங்காலம் திரும்பிவந்த சித்தப்பா வாசலில் நின்றபடியே, "சுத்தமா வெந்துட்டாரு அண்ணி" என்றார். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள்.

வருஷம் திரும்பட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், காத்திருந்தார்கள். அடுப்புக்கு என்ன செய்வது என்று அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்கு முதல்நாள் நைனாவின் அக்கா ஒரு வேலங்கட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து கொல்லையில் போட்டாள். பின்னாலேயே தெருப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டை கொண்டுவரும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சாவுக்குத்தான் உண்டு. அபசகுனம் என்று சொல்ல அன்று யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியாகத் தெருக்கோடி வீட்டு அம்மாள் வந்தாள். கையில் அன்று சேற்றில் கிடந்த அதே ஒதியங்கட்டை, நன்றாகக் காயவைத்தது. கொடுக்கவா வேண்டாமா என்று கொல்லைப் படலிலேயே நின்றாள். அம்மா போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் சமையல்காரர், "இது ஒதியம்மா, பொகையுது. எடுத்துப் போட்டுடவா?" என்று கேட்டாராம்.

"இருக்கட்டும்" என்றாளாம் அம்மா.

மணமேடைப் பக்கம் அம்மா வரவில்லை. அந்தக் காலத்தில் தாலி அறுத்தவர்கள் வரக்கூடாது. தாலி ஏறியதும் மாலையோடு கொல்லைக்கு ஓடினேன். அம்மா அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். ஊதுகுழலை வைத்து அந்த ஒதியங்கட்டையை விடாமல் ஊதிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இரு, புடிச்சிக்கினு எரியப் போவுது" என்றாள்.